கண்டிப்பா வரேன் ஸார்!

தமிழில் ஒரு வார்த்தை சோகை பிடித்து, ஊன்றுகோலுடன் நடமாடிக் கொண்டிருக்கிறது. ‘கண்டிப்பாக’ என்பதுதான் அது.

‘வரேன்’ என்று ஒருத்தர் சொன்னால் வந்தாலும் வருவார். ‘கட்டாயம் வரேன்’ என்றால் பாதிக்குப் பாதி. ‘கண்டிப்பா வரேன் ஸார்’ என்று சொல்லிவிட்டாரோ, தீர்ந்தது! அவருக்காகப் போட்ட இலையைத் தாராளமாக அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம். பிளம்பருக்கு இது பொருந்தும். வாஷிங் மெஷின் ரிப்பேர்க்காரருக்குப் பொருந்தும். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ரவிக்கைத் துணி வாங்கிக் கொண்ட தையற்காரருக்கு ரொம்பவே பொருந்தும். எங்கள் பேட்டைத் தையற்காரர் ‘வெள்ளிக்கிழமை’ என்றால் வெள்ளிக்கிழமை. ‘கண்டிப்பா வெள்ளிக்கிழமை’ என்றால் வருஷத்தில் வருகிற ஐம்பத்திரண்டில் ஏதோ ஒன்று.

அதனால்தான் அந்த வார்த்தைக்கு நாம் முட்டுக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். ‘கண்டிப்பா... நிச்சயமா... ப்ராமிஸா...’ என்று மூன்று கால். அப்படியும் எதிராளி சந்தேகமாகப் பார்த்தால், ‘எங்கம்மா மேல சத்தியமா’ என்று நாலாவது கால்.

பிறவியில் அது நோஞ்சான் இல்லை. வடமொழியில் ‘கண்ட’ என்றால் வெட்டுவது. கண்டதுண்டமாக வெட்டினான் என்கிறோமே, அதே கண்டம்தான். வெட்டு ஒண்ணு, துண்டு ரெண்டு! அரிவாள் மாதிரி இருந்த வார்த்தையை வெண்ணெய் வெட்டுகிற கத்தியாக ஆக்கிவிட்டோம். ‘கறார்’ என்று இன்னொன்று, அரபு, பாரசீகம் வழியாக வந்தது. அங்கே அதற்கு ‘ஒப்பந்தம், முடிவு செய்தது’ என்று அர்த்தம். கறார் விலை என்று போர்டு மாட்டிய கடையில் பேரம் பேசாமல் திரும்பிய தமிழ்நாட்டுப் பெண்மணி இருந்தால் அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுக்கலாம். மூன்றாவது, இங்கிலீஷ் வரவு: ‘கண்டிஷன்’. ‘அவங்கப்பா ரொம்பக் கண்டிஷன்!’ கண்டிஷன் என்றால் நிபந்தனை, அதாவது ‘இப்படி இருந்தால் அப்படி’. ‘இருந்தால்’, ‘ஆனால்’ என்ற பேச்சுக்கே இடம் தராத அப்பாவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது அந்த அப்பாவுக்கே தெரியாது.

ஆட்களைப் பற்றிச் சொல்லும்போதும் இதே கூத்துதான். ‘ஆபீஸர் ரொம்ப ஸ்ட்ரிக்ட்’ என்றால் என்ன அர்த்தம்? ஒன்பது அஞ்சுக்கு வருகிற பியூனுக்கு ஆப்சென்ட் போடுவார். பதினொன்றரைக்கு வருகிற மேலதிகாரிக்கு எழுந்து நின்று குட்மார்னிங் சொல்வார். ஆக, கண்டிப்பு என்பதை நாம் குரலின் உயரத்தை வைத்தும், மாட்டிக் கொண்டவரின் உயரத்தை வைத்தும்தான் அளக்கிறோம்.

* * *

இப்போது எதற்கு இந்த ஆராய்ச்சி என்கிறீர்களா? வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘தொழிற்சாலை விபத்துச் செய்திகளில் ஸ்ட்ரிக்ட் லையபிலிட்டி என்று போடுகிறார்களே, அப்படியானால் லூஸ் லையபிலிட்டி என்று ஒன்று இருக்கிறதா?’

நியாயமான கேள்வி. கடிதத்தை எடுத்துக் கொண்டு எங்கள் தெருவில் இருக்கிற ரிடையர்டு வக்கீலிடம் போனேன். எழுபத்தெட்டு வயசு. கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டி வருஷம் பத்தாகிவிட்டாலும், காப்பி கொண்டு வந்து வைக்கிற மருமகளைக்கூடக் குறுக்கு விசாரணை செய்துவிட்டுத்தான் குடிப்பார்.

“ஓய், ஸ்ட்ரிக்ட்னா என்னன்னு நினைச்சுண்டிருக்கீர்?”

“தயவு தாட்சண்யம் பார்க்காம தண்டிக்கிறது ஸார்.”

“அங்கேதான் ஊரே கோட்டை விடறது. சட்டத்துல தண்டிக்கற விஷயத்துல ஸ்ட்ரிக்ட்னா ஒரு அர்த்தம். நஷ்ட ஈடு கொடுக்கற விஷயத்துல ஸ்ட்ரிக்ட்னா வேற அர்த்தம். ரெண்டுமே நீர் நினைக்கிற அர்த்தம் இல்லை.”

முதலில் தண்டனை. ஒரு செயல் குற்றம் என்று சட்டம் சொன்னால், அந்தச் சட்டத்தை நீதிபதி ‘ஸ்ட்ரிக்டாக’ப் படிக்க வேண்டும். அப்படியென்றால், எழுதியிருக்கிற வார்த்தைக்கு மேல் ஒரு அங்குலம்கூட இழுக்கக் கூடாது. நியாயமாக இரண்டு அர்த்தம் வருமானால், குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான அர்த்தத்தைத்தான் எடுத்துக் கொள்ள வேண்டும்.

1954-ல் தோலாராம் என்பவரின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. வீட்டுக்காரர்கள் வாடகைக்கு மேல் ‘பகடி’ வாங்குவதை ஒழிக்க பம்பாயில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். வீட்டை வாடகைக்குக் கொடுப்பதற்காகத் தனியே பணம் வாங்கினால் குற்றம். இவர் பணம் வாங்கியது வாஸ்தவம். ஆனால் கட்டடம் அப்போது முடியவில்லை. முடிந்தபின் தருவதாகப் பேச்சு. ‘வாடகைக்குக் கொடுப்பது’ என்றுதான் சட்டத்தில் எழுதியிருக்கிறதே தவிர, ‘பிற்பாடு கொடுப்பதாகச் சொல்வது’ என்று எழுதவில்லை; ஆகவே குற்றமாகாது என்றது கோர்ட்.

“இது என்ன ஸார், ஆளை விட்டுட்டாளே! இதுக்குப் பேரா ஸ்ட்ரிக்ட்?”

“கோர்ட் ஸ்ட்ரிக்டா இருந்தது அவன்கிட்ட இல்லை ஓய், சர்க்கார்கிட்ட. ஒருத்தனை உள்ளே தள்ளணும்னா அதுக்கு வேண்டிய வார்த்தையைச் சரியா எழுதிண்டு வா, அப்புறம் தள்ளுன்னு சொல்றது. இன்னிக்கு வீட்டுக்காரன்னு அர்த்தத்தைக் கொஞ்சம் இழுத்தா, நாளைக்கு உம்மை உள்ளே போட அதே மாதிரி இழுப்பான். பரவாயில்லையா?”

பரவாயில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

* * *

இரண்டாவது, நஷ்ட ஈடு. இங்கே ஸ்ட்ரிக்ட் என்றால், ‘யார் தப்பு?’ என்ற கேள்வியையே கேட்காமல் இருப்பது.

இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ரைலண்ட்ஸ் என்று ஒரு மில் முதலாளி. 1860-ல் மில்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஒரு நீர்த்தேக்கம் கட்டினார். நல்ல என்ஜினீயர், நல்ல கான்ட்ராக்டர் எல்லாம் வைத்துத்தான் கட்டினார். தோண்டும்போது பழைய சுரங்கத்தின் கைவிடப்பட்ட குழிகள் தட்டுப்பட்டன. வேலையாட்கள் அவற்றை ஒழுங்காக அடைக்கவில்லை. முதலாளிக்கோ விஷயமே தெரியாது. டிசம்பரில் தண்ணீர் நிரப்பினார்கள். நிரம்பிய தண்ணீர் குழி வழியாக இறங்கி, பக்கத்தில் ஃபிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. நஷ்டம் 937 பவுன்.

‘நான் ஒரு தப்பும் செய்யவில்லையே’ என்றார் ரைலண்ட்ஸ். ‘செய்யவில்லைதான். பணத்தை வையுங்கள்’ என்பதுதான் 1868-ல் பிரபுக்கள் சபை சொன்ன தீர்ப்பின் சாரம். தப்பித்துப் போனால் கெடுதல் செய்யக்கூடிய ஒன்றை உன் சௌகரியத்துக்காக உன் இடத்தில் கொண்டு வந்து வைத்தாய். அது தப்பித்துப் போய்விட்டது. நீதான் பொறுப்பு.

இதை முன்னதாகக் கீழே விசாரித்த பிளாக்பர்ன் என்ற நீதிபதி கொடுத்த உதாரணங்களில் ஒன்று நம்ம ஊர் சமாசாரம்: அவிழ்த்துக் கொண்டு போன மாடு அடுத்தவன் பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரன்தான் கொடுக்க வேண்டும். ‘கயிறு நல்ல கயிறுதாங்க, நேத்திக்குத்தான் வாங்கினேன்’ என்பதெல்லாம் நம் பஞ்சாயத்திலும் எடுபடாது. மேய்ந்தது மேய்ந்ததுதான்.

மாடு என்றதும் மனுநீதிச் சோழன் ஞாபகம் வருகிறதா? சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் அவருக்குச் சிலையே இருக்கிறது. இளவரசனின் தேரில் கன்றுக்குட்டி அடிபட்டது. சேக்கிழார் சொல்கிறபடி பார்த்தால் பையன் மீது பெரிய குற்றமில்லை. கன்றுதான் யாரும் கவனிக்காதபோது துள்ளி வந்து சக்கரத்தில் மாட்டிக் கொண்டது. இன்றைக்காக இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்து, ‘பாதிக்கப்பட்டவரே குறுக்கே பாய்ந்தார். தவிரவும், ஆராய்ச்சி மணி அடித்த மனுதாரர் கன்றின் சொந்தத் தாய் என்பதற்குச் சான்றிதழ் தாக்கல் செய்யப்படவில்லை’ என்று இரண்டு வாய்தா வாங்கியிருப்பார். ராஜா அதையெல்லாம் கேட்கவில்லை. நேரே பிள்ளைமேல் தேரை ஏற்றினார்.

“அவர் ‘யார் தப்பு’ன்னு கேக்காதது சரி. ஆனா தாய்க்கு ஈடு கொடுக்கறது ஒரு கணக்கு, பிள்ளையைத் தண்டிக்கறது இன்னொரு கணக்கு. ரெண்டையும் ஒரே பேரேட்டுல எழுதிட்டார்” என்றார் வக்கீல். “நாமும் இன்னி வரைக்கும் அதைத்தான் செய்யறோம். விபத்துன்னா, டிரைவரைக் கட்டி வெச்சு அடிக்கறதுல நாம ஸ்ட்ரிக்ட். செத்தவன் வீட்டுக்குக் காசு போய்ச் சேந்துதான்னு எவன் கேக்கறான்?”

வாஸ்தவம். ‘குறுக்கே போனது எங்கப்பாதான், தப்பு நம்ம பேர்ல, என்ன கிடைச்சுடப் போறது’ என்று ஒதுங்கிப் போகிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தப்பு யாருடையது என்று கேட்காமலே நஷ்ட ஈடு தரும் வழி 1982-லேயே மோட்டார் வாகனச் சட்டத்தில் வந்துவிட்டது. அப்போது உயிரிழப்புக்கு 15,000 ரூபாய். 1988 சட்டத்தில் 25,000, 1994-ல் 50,000. 2022 ஏப்ரலிலிருந்து 5 லட்சம். பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம். வண்டி மோதியது, ஆள் போய்விட்டார் என்று காட்டினால் போதும். டிரைவர் தப்பு என்று நிரூபிக்க வேண்டாம். அதிகம் வேண்டும் என்கிறவர்கள் டிரைவரின் தப்பை நிரூபிக்கிற வேறு பிரிவில் வழக்குப் போடலாம். இந்தப் பாராவை மட்டுமாவது கத்தரித்து வைத்துக் கொள்ளுங்கள்.

* * *

இனிமேல்தான் வேடிக்கை. நம்ம ‘கண்டிப்பா’வுக்கு வந்த சோகை, கோர்ட்டில் ‘ஸ்ட்ரிக்டு’க்கும் வந்தது.

ரைலண்ட்ஸ் தீர்ப்பு வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை. 1876-ல் தீர்ப்பான வழக்கு ஒன்று. ஒரு எஸ்டேட்டில் அழகுக்காக வெட்டி வைத்திருந்த ஏரிகள் பெருமழையில் உடைந்து நாலு பாலங்களை அடித்துக் கொண்டு போயின. ‘இப்படி ஒரு மழையை யாரும் கண்டதில்லை, தெய்வச் செயல்’ என்று எஸ்டேட்டை விட்டுவிட்டார்கள். 1913-ல் ஆஸ்திரேலிய வழக்கு ஒன்று. மேல் மாடி வாஷ்பேசினை யாரோ விஷமி வேண்டுமென்றே அடைத்துவிட்டு, குழாயைத் திறந்து விட்டுப் போய்விட்டான். கீழ் மாடியில் சரக்கெல்லாம் நாசம். ‘மூன்றாம் மனிதர் செய்ததற்குக் கட்டடக்காரர் என்ன செய்வார்?’ என்று அவரையும் விட்டார்கள். அபார்ட்மென்ட்டில் குடியிருந்து, மாடி வீட்டுத் தண்ணீர் தன் சோபாவில் சொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ரத்தக் கொதிப்பைத் தரும். இன்னும், பாதிக்கப்பட்டவரே சம்மதித்திருந்தால் விலக்கு. அவர் தப்பே காரணம் என்றால் விலக்கு. சட்டமே அனுமதித்த வேலை என்றால் விலக்கு. ஆக, சட்டப் புத்தகத்தில் ‘ஸ்ட்ரிக்ட்’ என்று ஒரு வரி, கீழே விதிவிலக்கு ஒன்றரைப் பக்கம். கண்டிப்பா வரேன் ஸார்!

இதன் விலை நமக்குத் தெரிந்தது 1984 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி. போபாலில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து கசிந்த விஷ வாயு, விடிவதற்குள் ஆயிரக்கணக்கான பேரைப் பிணமாக்கியது. யாரோ வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றது கம்பெனி. அதாவது வாஷ்பேசின் கதை! பழைய ‘ஸ்ட்ரிக்ட்’டில் அதற்கு ஓட்டை இருந்தது என்பதுதான் பயங்கரம்.

சரியாக ஒரு வருஷம். 1985 டிசம்பர் 4. டெல்லியில் ஸ்ரீராம் உரத் தொழிற்சாலையிலிருந்து ஓலியம் என்ற அமில வாயு கசிந்தது. தீஸ் ஹஸாரி கோர்ட் வக்கீல் ஒருவர் இறந்து போனதாகச் சொன்னார்கள். அந்தத் தொழிற்சாலை சம்பந்தமாக எம்.ஸி. மேத்தா என்ற வக்கீல் போட்ட பொதுநல வழக்கு அப்போதே சுப்ரீம் கோர்ட்டில் இருந்தது. 1986 டிசம்பர் 20-ல் தலைமை நீதிபதி பி.என். பகவதி உட்பட ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்: அபாயகரமான தொழில் நடத்துகிறவரின் பொறுப்பு இனிமேல் ‘ஸ்ட்ரிக்ட்’ அல்ல, ‘அப்ஸொல்யூட்’. முழுப் பொறுப்பு. தெய்வச் செயல், விஷமி, எந்த விதிவிலக்கும் கிடையாது. கம்பெனி எவ்வளவு பெரிசோ, நஷ்ட ஈடும் அவ்வளவு பெரிசு.

பார்த்தீர்களா? ‘கண்டிப்பா’ செல்லாமல் போனதும் நாம் ‘சத்தியமா’வுக்குப் போகிறோமே, ஐந்து நீதிபதிகளும் அதையேதான் செய்தார்கள். வார்த்தை தேய்ந்துவிட்டால் புது வார்த்தை அடிக்க வேண்டியதுதான், செல்லாத நோட்டுக்குப் பதில் புது நோட்டு மாதிரி.

நோட்டை அடித்தார்கள், கடையில் வாங்கினார்களா? அந்த வழக்கிலேயே நஷ்ட ஈடு கொடுக்கச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் தனியாக வழக்குப் போட வேண்டியதாயிற்று. போபாலுக்காக நம் அரசு சுமார் 300 கோடி டாலர் கேட்டிருந்தது. 1989-ல் 47 கோடி டாலருக்கு சமரசம் ஆனது. 2010-ல் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பு வந்தது. கூடுதல் நஷ்ட ஈடு கேட்ட மனுவை 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. ராஜஸ்தானில் பிச்ரி என்ற கிராமத்தின் கிணறுகளை ரசாயனத் தொழிற்சாலைகள் பாழாக்கிய வழக்கில், 1996-ல் இந்த ‘முழுப் பொறுப்பு’ நிஜமாகவே அமலானது. ஆனால் கம்பெனிக்காரர்கள் மனு மேல் மனுவாகப் போட்டு, ‘37 கோடி ரூபாய்ச் சொச்சத்தை வட்டியோடு எடுத்து வை’ என்று கோர்ட் அதட்டும்போது 2011 ஆகிவிட்டது.

2020 மே 7, விசாகப்பட்டினம். எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் கசிவு. தூங்கிக் கொண்டிருந்தவர்கள் தெருவில் ஓடி ஓடி விழுந்தார்கள். மறுநாளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் உத்தரவில் இருந்த வார்த்தை? ‘ஸ்ட்ரிக்ட் லையபிலிட்டி’! 34 வருஷத்துக்கு முன்னால் செல்லாது என்று ஒதுக்கிய நோட்டு. சட்டம் படித்தவர்கள் பலர் உடனே சத்தம் போட்டார்கள். ‘ஒரு வார்த்தைக்கா இவ்வளவு ரகளை?’ என்று அப்போது நினைத்தவர்களுக்கு, அந்த ஒரு வார்த்தையில் எத்தனை ஓட்டை என்று இப்போது புரிந்திருக்கும்.

* * *

ரொம்ப தூரம் போவானேன்? நம்ம பாலாறு. தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவுகள் ஆற்றையும் கிணற்றையும் நிலத்தையும் நாசமாக்கியதற்காக, 1996 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவர்தான் முழுப் பொறுப்பு. தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈட்டைக் கணக்குப் போட ஒரு அமைப்பு. எல்லாம் கண்டிப்பான உத்தரவு.

2025 ஜனவரி 30. அதே கோர்ட், அதே பாலாறு, அதே தோல் கழிவு. இன்னும் பணம் போய்ச் சேராத குடும்பங்களுக்கு அரசு கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் அதை வசூல் செய்து கொள்ளட்டும் என்று மறுபடி உத்தரவு. நடுவில் இருபத்தெட்டு வருஷம். 1996-ல் கிணற்றில் உப்புத் தண்ணீர் இறைத்த பெண்மணிக்கு இப்போது பேரனே வேலைக்குப் போயிருப்பான்.

வக்கீலிடம் கடைசியாகக் கேட்டேன்: “அப்போ வாசகருக்கு என்ன ஸார் பதில் எழுதட்டும்? லூஸ் லையபிலிட்டின்னு உண்டா, இல்லையா?”

“புஸ்தகத்துல கிடையாதுன்னு எழுதும். தீர்ப்பு எத்தனை ஸ்ட்ரிக்டா இருந்தாலும், செக்கு எழுதற தேதி லூஸா இருந்தா அதுதான் லூஸ் லையபிலிட்டின்னும் சேத்து எழுதும்.”

எழுதிவிட்டேன். இனி ஏதாவது ஆலையில் ஏதாவது கசிந்து, ‘சம்பந்தப்பட்டவர்கள் மீது கண்டிப்பாக நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று டி.வி.யில் யாராவது சொன்னால், ஒன்றே ஒன்று கேட்டு வையுங்கள். இது தையற்காரர் சொல்கிற ‘கண்டிப்பாக’வா, பகவதி சொன்ன ‘கண்டிப்பாக’வா?

ரவிக்கை இன்னும் வரவில்லை.